கவளத்தைக் கையில் கொடுத்தவர்: மரியா மொண்டிசோரி அம்மையார்

மாத்தளையில் பஸ் ஏறி இரத்தோட்டைக்கு வருகிறவர்கள் வழிநெடுகச் சின்னச் சின்னப் பெயர்ப்பலகைகளைக் கண்டிருப்பீர்கள். ஒரு முயல்குட்டியையோ வண்ணத்துப்பூச்சியையோ வரைந்து, அதன் கீழே மொண்டிசோரி என்று மூன்று மொழியிலும் எழுதியிருப்பார்கள். நமது வாயில் அது மொண்டிசூரி. பிள்ளைக்கு மூன்று வயது கடந்துவிட்டால், மொண்டிசூரிக்கு அனுப்பியாயிற்றா என்று அயலவர் விசாரிப்பது வழக்கம். அது ஒரு பெண்மணியின் குடும்பப் பெயர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவர் ஒரு வைத்தியர். அவருடைய கல்வி முறை கெட்டிக்காரப் பிள்ளைகளுக்காகப் பிறந்ததன்று. எதற்கும் உதவாதவர்கள் என்று உலகம் கதவடைத்து வைத்திருந்த பிள்ளைகள் நடுவிலே, அவர்களுடைய சாப்பாட்டு நேரத்திலே, அது பிறந்தது.

அந்தக் கதையைச் சொல்வதற்கு எனக்கு ஒரு காரணம் உண்டு. இரத்தோட்டைக்கு மேலே, மலைப்பக்கமாக ஏறும் பாதையோரத் தோட்டமொன்றில் ஒரு தாயை எனக்குத் தெரியும். அவளுடைய மகனுக்கு ஒன்பது வயது. பேச்சு இல்லை; நடை தாமதித்து வந்தது; கை இருக்கிறது, ஆனால் அந்தக் கை சோற்றுக்குப் போவதில்லை. காலையில் பிரட்டுக்குப் போகுமுன் ரொட்டியைத் தேநீரில் நனைத்து ஊட்டுகிறாள். பகலில் பாட்டி ஊட்டுகிறாள். இரவில் மறுபடியும் தாய். நான்கு வயதில் அவனை ஒரு பாலர் பள்ளிக்குக் கூட்டிப்போனபோது, தானாகச் சாப்பிடத் தெரியாத பிள்ளையை வைத்துக்கொள்ள முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரே ஆசிரியை இருபத்தைந்து பிள்ளைகளைப் பார்க்கிற இடத்தில் அவர்களை மட்டும் குறைசொல்லி என்ன செய்வது? ஆனால் அந்தப் பள்ளியின் வாசலிலும் மொண்டிசோரி என்ற பெயரே எழுதியிருந்தது என்பதை நினைக்கும்போது மனம் சங்கடப்படுகிறது.

அந்தத் தாயின் கவலை அவனுடைய படிப்பைப் பற்றியதல்ல. தான் கண்மூடிய பிறகு இவனுக்கு யார் ஊட்டுவார் என்பதே. இப்படிப்பட்ட பிள்ளை இருக்கும் வீடுகள் நமது பங்குகளில் ஒன்றிரண்டல்ல. ஆகவே வாசகர்களே, அந்த வீடுகளை நினைத்துக்கொண்டே இந்த அம்மையாரின் வாழ்க்கையை வாசியுங்கள்.

மரியா மொண்டிசோரி 1870ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் திகதி இத்தாலி நாட்டில் அங்கோனா நகருக்கு அண்மையிலுள்ள கியாரவாலே என்ற சிற்றூரில் பிறந்தார். தகப்பனார் அரசாங்க உத்தியோகத்தர். தாயார் ரெனில்டே வாசிப்பில் ஆர்வமுள்ளவர். நிலவியல் அறிஞராகப் புகழ்பெற்ற அன்ரோனியோ ஸ்தொப்பானி என்ற குருவானவர் அவருடைய உறவினர் என்று சொல்வார்கள். மரியாவுக்கு ஐந்து வயதாக இருக்கும்போது குடும்பம் உரோமாபுரிக்குக் குடிவந்தது. பெண்பிள்ளை ஆசிரியையாகப் போனால் போதும் என்பது தகப்பனாரின் எண்ணம். மகளோ முதலில் பொறியியல் என்றாள். பிறகு மருத்துவம் என்றாள். மருத்துவக் கல்லூரியில் ஆண் மாணவரோடு ஒன்றாக நின்று பிரேதத்தை அறுத்துப் பார்ப்பது பெண்ணுக்குத் தகாது என்று சொல்லி, மற்றவர்கள் போன பின்னர் மாலை வேளையில் தனியாக அந்த வேலையைச் செய்யும்படி விட்டார்கள். பிரேதங்கள் கிடத்தியிருந்த அந்த அறையில் தன்னந்தனியாக நின்று படித்த பெண், 1896இல் டாக்டர் பட்டம் பெற்று வெளியே வந்தார். அந்த நாட்டில் அப்போது பெண் வைத்தியர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

பட்டம் பெற்றதும் உரோமாபுரிப் பல்கலைக்கழகத்தின் மனநோய்ப் பிரிவில் உதவி வைத்தியராகச் சேர்ந்தார். அங்கே சிகிச்சைக்கு உரியவர்களைத் தெரிவு செய்வதற்காக நகரத்தின் பைத்தியசாலைகளுக்குப் போய்வருவது அவருடைய கடமைகளில் ஒன்று. அந்தக் காலத்தில் மூளை வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கென்று தனி இடம் இல்லை. பித்துப்பிடித்த பெரியவர்களோடு சேர்த்து அவர்களையும் அடைத்துவைத்தார்கள். வைத்திய நூல்கள் அவர்களுக்கு இட்டிருந்த பெயர்களை இந்தப் பத்திரிகையில் எழுத எனக்கு மனமில்லை.

ஒருநாள் அப்படியொரு இடத்தில் பிள்ளைகள் அடைபட்டிருந்த அறைக்கு அவர் போனார். வெறும் சுவர்கள், வெறும் தரை. பிள்ளைகளைக் கவனித்துவந்த பெண் முகத்தைச் சுளித்துக்கொண்டு, இவர்கள் மிருகங்களைப் போலச் சாப்பாடு முடிந்தவுடன் தரையில் விழுந்து சிந்திய ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்குகிறார்கள் என்று முறைப்பட்டாளாம். மொண்டிசோரி அந்த அறையைச் சுற்றிப் பார்த்தார். பிள்ளைகள் கையில் எடுத்துப் பார்க்கவும் உருட்டவும் ஒரு மரத்துண்டுகூட அங்கே இல்லை. அவர்கள் ரொட்டித் துணுக்கை எடுத்தார்கள், விரல்களுக்கிடையில் வைத்து உருட்டினார்கள், பிசைந்தார்கள். வயிற்றுப் பசியைவிடப் பெரிய பசி ஒன்று அவர்களுடைய விரல்களில் இருப்பதை அந்த இளம் வைத்தியர் கண்டுகொண்டார். அவரை நன்கு அறிந்தவர்கள் எழுதிவைத்த வரலாறு இது. அதே காட்சியைத்தான் காவற்காரியும் நாள்தோறும் பார்த்தாள். அவளுக்கு அது அருவருப்பாகப் பட்டது. நாமும் நமது வீட்டிலே, சோற்றை அளைந்து நிலத்தில் இறைக்கிற பிள்ளையின் கையைத் தட்டிவிடுகிறோம் அல்லவா?

அன்றிலிருந்து அவர் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடத் தொடங்கினார். இரண்டு பிரெஞ்சு வைத்தியர்களின் பழைய நூல்கள் கிடைத்தன. ஒருவர் இத்தார், மற்றவர் அவருடைய மாணவர் செகென். இவர்களை அறியாமல் மொண்டிசோரியை அறிய முடியாது. ஆகையால் சற்று நின்று போவோம்.

1800ஆம் ஆண்டு தென் பிரான்சின் காட்டுப்புறத்தில் பதினொன்று பன்னிரண்டு வயது மதிக்கத்தக்க ஒரு சிறுவன் பிடிபட்டான். பேச்சில்லை, உடையில்லை. கொட்டைகளும் கிழங்குகளுமே அவன் உணவு. எதைக் கொடுத்தாலும் முதலில் முகர்ந்து பார்ப்பான். அவனைப் பாரிசுக்குக் கொண்டுபோனபோது பெரிய வைத்தியர்கள் இவன் பிறவியிலேயே மந்தம், திருத்த முடியாது என்று தீர்ப்புச் சொன்னார்கள். இளைஞரான இத்தார் மட்டும் அதை ஏற்கவில்லை. விக்டர் என்று பெயரிட்டு ஐந்தாறு வருடம் அவனோடு பாடுபட்டார். கெராங் என்ற பெண்மணி அவனுக்குச் சோறு சமைத்துத் தாய்போல் பார்த்துவந்தாள். அவன் பேசக் கற்கவில்லை. அந்த வகையில் இத்தார் தம்மைத் தோற்றவராகவே எண்ணினார். ஆனால் மேசையில் தட்டும் கரண்டியும் எடுத்துவைக்க அவன் பழகிவிட்டான். அந்தப் பெண்மணியின் கணவன் இறந்தபோது, விக்டர் வழக்கம்போல அவருக்கும் ஒரு தட்டை வைத்தான். அதைக் கண்டதும் அவள் அழுதுவிட்டாள். அவன் அவள் முகத்தைப் பார்த்தான். அந்தத் தட்டை எடுத்து மறுபடியும் அலுமாரிக்குள் வைத்தான். அதன்பின் அந்த இடத்தில் அவன் ஒருபோதும் தட்டு வைக்கவில்லை. வாய்பேசாத பிள்ளையின் உள்ளத்தில் என்ன இருக்கிறது என்று நமக்கு எப்படித் தெரியும்?

செகென் 1812இல் பிறந்தவர். பாரிசில் இந்தப் பிள்ளைகளுக்காகவே வகுப்பு நடத்தி, பின்னர் அமெரிக்கா சென்று 1880இல் அங்கேயே இறந்தார். கை பிடிக்கப் பழகாத பிள்ளைக்குக் கரண்டியைக் கொடுத்துப் பயனில்லை. முதலில் பற்றவும், பற்றியதை விடாமல் வைத்திருக்கவும், பின்பு விடவும் கை பழக வேண்டும் என்பது அவர் கண்ட வழி. ஏணியின் படியைப் பிள்ளையைப் பிடிக்கச் செய்து, ஆசிரியர் பின்னால் நின்று அந்தச் சின்ன விரல்களின் மேல் தமது விரல்களை வைத்து அழுத்திக்கொண்டிருப்பார். இன்று விசேட கல்வி ஆசிரியர்கள் கைமேல் கைவைத்துப் பழக்குகிறார்களே, அதன் வேர் இங்கே இருக்கிறது. இந்த இருவரின் நூல்களையும் மொண்டிசோரி தம் கையாலேயே ஒவ்வொரு பக்கமாக இத்தாலிய மொழியில் எழுதி எடுத்தார். அவசரமாக வாசித்தால் பொருள் நழுவிவிடும் என்பது அவருடைய பயம்.

1898இல் தூரின் நகரில் ஆசிரியர் மாநாடு ஒன்று கூடியது. இருபத்தெட்டு வயதுப் பெண் வைத்தியர் எழுந்து, இந்தப் பிள்ளைகளின் குறை மருந்தினால் தீர்வதைவிடக் கல்வியினால் தீரக்கூடியது என்று வாதிட்டார். மருந்து தெரிந்த ஒருவரே இப்படிச் சொன்னதால் சபை திகைத்தது. 1900இல் உரோமாபுரியில் இத்தகைய பிள்ளைகளுக்கு ஆசிரியர்களைப் பயிற்றும் பாடசாலை ஒன்று தொடங்கப்பட்டு, அவரும் டாக்டர் மொந்தசானோ என்பவரும் சேர்ந்து பொறுப்பேற்றார்கள். பைத்தியசாலைகளிலிருந்தும் பாடசாலைகளிலிருந்தும் கைவிடப்பட்ட பிள்ளைகள் அங்கே வந்தார்கள். காலை எட்டு மணியிலிருந்து மாலை ஏழு மணிவரை மொண்டிசோரி அவர்களோடேயே இருந்தார். பகலில் கற்பித்து, இரவில் அன்று கண்டதை எழுதிவைப்பார். நடப்பது, பிடிப்பது, கழுவுவது, உடுத்துவது, உண்பது ஆகிய அனைத்தும் அங்கே பாடங்களாயின. காலப்போக்கில் சில பிள்ளைகள் வாசிக்கவும் எழுதவும் கற்று, சாதாரண பிள்ளைகள் எழுதும் பரீட்சையிலும் தேறினார்கள். உரோமாபுரி முழுவதும் அதை அற்புதம் என்று பேசியது. அவரோ வேறொன்றை நினைத்து வியந்தார். இந்தப் பிள்ளைகளே இவ்வளவு செய்தால், நல்ல சுகத்தோடு பிறந்த பிள்ளைகள் ஏன் இவ்வளவு பின்தங்கி இருக்கிறார்கள் என்பதே அது.

இந்த இடத்தில் ஒரு விடயத்தை மறைத்துச் செல்ல நான் விரும்பவில்லை. குடும்பமாக உட்கார்ந்து வாசிக்கும் பத்திரிகையில் இது எதற்கு என்று சிலர் கேட்கலாம். டாக்டர் மொந்தசானோவுக்கும் மொண்டிசோரிக்கும் திருமணமின்றி 1898 மார்ச் 31ஆம் திகதி ஒரு மகன் பிறந்தான். பெயர் மாரியோ. அந்தக் காலத்து இத்தாலியில் அது வெளியே தெரிந்திருந்தால் அவருடைய தொழிலும் பெயரும் அன்றோடு முடிந்திருக்கும். குழந்தையைக் கிராமப்புறத்தில் ஒரு குடும்பத்திடம் வளர்க்கக் கொடுத்துவிட்டார். அவ்வப்போது போய்ப் பார்ப்பார். தாய் என்று சொல்லிக்கொள்ள மாட்டார். 1901இல் மொந்தசானோ வேறொரு பெண்ணை மணந்தார். மொண்டிசோரி அந்தப் பாடசாலையை விட்டு வெளியேறினார். ஊரார் பிள்ளைகளுக்குக் கரண்டி பிடிக்கக் கற்பித்தவருக்குச் சொந்தப் பிள்ளைக்கு ஒரு கவளம் ஊட்டக் கொடுத்துவைக்கவில்லை. பத்து வருடத்துக்கு மேல் கழித்து, அவருடைய தாயார் காலமான பின்னரே மாரியோ தாயிடம் வந்து சேர்ந்தார். அதன்பின் மரணம்வரை இருவரும் பிரியவில்லை. அவரைத் தீர்ப்பிடுவது நமது வேலையல்ல. பிள்ளைகளைப் பற்றி அவர் எழுதியதை வாசிக்கும்போது இந்த வலியும் பக்கத்தில் இருந்தது என்பதை மறவாதிருப்போம்.

இனி வரும் பகுதி உலகம் நன்கு அறிந்தது, சுருக்கமாகச் சொல்கிறேன். 1907ஆம் ஆண்டு சனவரி 6ஆம் திகதி, மூன்று இராஜாக்கள் திருநாளன்று, உரோமாபுரியின் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் குழந்தைகள் இல்லம் என்ற பெயரில் சிறிய பாடசாலையைத் திறந்தார். தாய் தகப்பன் வேலைக்குப் போனதும் படிக்கட்டுகளில் அலைந்து சுவர்களைக் கிறுக்கிய ஐம்பது அறுபது பிள்ளைகள் வந்தார்கள். நமது தோட்டங்களின் பிள்ளைக்காம்பராவை நினைத்துக்கொள்ளுங்கள். பைத்தியசாலைப் பிள்ளைகளிடம் கற்ற வழிகளை இந்தப் பிள்ளைகளிடம் பயன்படுத்தினார். அதன் பலனைப் பார்க்க அரசிகளும் அறிஞர்களும் வந்தார்கள். அவருடைய நூல் 1909இல் வெளியாகி, விரைவில் பல மொழிகளில் வந்தது.

அந்த நூலில் அவர் சாப்பாட்டு மேசைக்குக் கொடுத்திருக்கும் இடம் கவனிக்கத்தக்கது. நான்கு வயதுப் பிள்ளைகள் கத்தியும் முள்ளும் கரண்டியும் வரிசையாக வைப்பார்கள். தட்டத்தில் ஐந்து கண்ணாடிக் குவளைகளை ஏந்தி வருவார்கள். சூடான சூப் நிறைந்த பெரிய பாத்திரத்தை மேசைக்கு மேசை கொண்டுபோய்ப் பரிமாறுவார்கள். உடைந்துபோகும் என்று பயந்து தகரக் குவளை கொடுப்பதில்லை. உடையக்கூடிய பொருளே பிள்ளைக்குக் கவனத்தைக் கற்பிக்கிறது என்பது அவருடைய நம்பிக்கை.

தாய்மாரைப் பற்றி அதே நூலில் அவர் கடுமையாகவே எழுதினார். பிள்ளை கரண்டியைப் பிடித்துத் தன் வாயைத் தேடிக் கண்டுபிடிக்க எந்த முயற்சியும் செய்யாமல், தான் உண்பதைப் பார் என்று பக்கத்தில் இருத்திக் காட்டவும் செய்யாமல், வெறுமனே ஊட்டிக்கொண்டே இருக்கும் தாயை அவர் நல்ல தாய் என்று ஏற்கவில்லை. ஊட்டுவது இலகு, உண்ணப் பழக்குவதற்கு அதைவிடப் பன்மடங்கு பொறுமை வேண்டும் என்பது அவர் எண்ணம். இதை வாசித்ததும் எனக்கு முதலில் கோபமே வந்தது. விடிய ஐந்து மணிக்கு எழுந்து, தண்ணீர் பிடித்து, ரொட்டி சுட்டு, பிரட்டுக்கு ஓடுகிற ஒரு பெண்ணிடம் போய் இதைச் சொல்ல முடியுமா? கொழுந்து நிறைக்க நேரமாகிவிட்டது என்று கங்காணி காத்திருக்கமாட்டார். மொண்டிசோரிக்குச் சமையலறை உதவிக்கு ஆட்கள் இருந்தார்கள். ஆயினும் அவர் காட்டிய குறை உண்மையானதே. மூன்று வேளையும் முடியாவிட்டாலும் ஒரு வேளை, அதுவும் முடியாவிட்டால் ஞாயிற்றுக்கிழமைப் பகற்சாப்பாடு ஒன்றுமட்டும், அவசரமில்லாமல் பழக்கலாமல்லவா?

இதற்கு அவருடைய வாழ்விலேயே ஒரு சான்று உண்டு. 1908 டிசம்பர் 28ஆம் திகதி சிசிலித் தீவின் மெசீனா நகரைப் பூமியதிர்ச்சி அழித்தது; பல்லாயிரம் பேர் மாண்டார்கள். இடிபாடுகளுக்கிடையில் கண்டெடுக்கப்பட்ட அறுபது அளவிலான பிள்ளைகளுக்குத் தாய் தகப்பன் யாரென்றும் தெரியவில்லை. உரோமாபுரியில் பிரான்சிஸ்கன் மரியாளின் மறைபரப்புச் சகோதரிகள் அவர்களைத் தமது மடத்தில் ஏற்றார்கள். (இந்தச் சபை முளைத்தது நமது தமிழ் மண்ணில், நீலகிரியின் உதகமண்டலத்தில். பாப்பரசரின் அங்கீகாரம் கிடைத்தது 1877 சனவரி 6இல். சான் லொரென்சோ இல்லம் திறந்ததற்குச் சரியாக முப்பது வருடம் முன்னர்.) அந்தப் பிள்ளைகள் பேசவில்லை, உண்ணவில்லை, இரவில் அலறினார்கள். மொண்டிசோரியின் வழியில் சகோதரிகள் அவர்களுக்கு அழகான சிறு மேசைகளும் மெல்லிய பாத்திரங்களும் கொடுத்தார்கள். மேசை விரிப்பை எப்படி விரிப்பது, கரண்டியை எப்படிப் பிடிப்பது, சத்தமின்றி எப்படி வைப்பது என்று பெரிய வீட்டு விருந்தாளிகளுக்குக் காட்டுவதுபோல நிதானமாகக் காட்டினார்கள். பிள்ளைகள் அதில் மூழ்கினார்கள். பசி திரும்பி வந்தது, பின்பு நித்திரை, கடைசியில் சிரிப்பும் வந்தது. நூலில் இதை எழுதிய அம்மையாருக்கே அந்த மாற்றம் மறக்க முடியாததாக இருந்தது.

அப்படியானால் இரத்தோட்டை லயத்து வீட்டில் என்ன செய்வது என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. அம்மையாரின் வழியும், அவருக்குப் பின்வந்த விசேட கல்வி ஆசிரியர்களின் அனுபவமும் சேர்ந்து காட்டுவதைச் சொல்கிறேன்.

சாப்பிடுவது ஒரே வேலை என்று நாம் நினைக்கிறோம். சற்று உங்கள் கையையே பாருங்கள். சோற்றைப் பிசைகிறது, விரல்களால் கூட்டுகிறது, அள்ளுகிறது, சிந்தாமல் தூக்குகிறது, வாயைக் கண்டுபிடிக்கிறது, பெருவிரலால் உள்ளே தள்ளுகிறது. இத்தனையையும் ஒரே நாளில் கேட்டால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்? ஆகவே ஒன்றை மட்டும் கேட்க வேண்டும். எதை முதலில் என்பதில்தான் சூட்சுமம். கடைசிப் படியிலிருந்து பின்னோக்கி வரவேண்டும் என்கிறார்கள். பிள்ளையின் கைமேல் உங்கள் கையை வைத்து அள்ளித் தூக்கி வாயருகே கொண்டுவந்து, அங்கே உங்கள் பிடியைத் தளர்த்திவிடுங்கள். கடைசி ஓர் அங்குலத்தை மட்டும் பிள்ளை தானாகக் கடக்கட்டும். கடந்ததும் சோறு வாயில் இருக்கிறது. அதைவிட வேறு பரிசு வேண்டியதில்லை. அது பழகிய பின்னர் நெஞ்சளவில் விடுங்கள், அதன் பின்னர் தட்டருகில். அள்ளுவது எல்லாவற்றிலும் கடினம். அது கடைசியாக வரட்டும். கிழமைக்கணக்கில், சில பிள்ளைகளுக்கு மாதக்கணக்கில் ஆகும்.

நமக்கு மேலைநாட்டாரிடம் இல்லாத ஒரு வசதியும் உண்டு. நிலா வெளிச்சத்தில் பாட்டி சோற்றைப் பிசைந்து உருட்டி ஒவ்வொருவர் கையிலும் வைத்த காலத்தை மறந்துவிட்டீர்களா? பருப்போடு குழையப் பிசைந்த அந்த உருண்டையைப் பிள்ளையின் வாய்க்குக் கொண்டுபோகாமல் உள்ளங்கையில் வையுங்கள். கரண்டி பிடிக்கத் தெரியாத கைக்கும் உருண்டை பிடிபடும். குழைய அவித்த பலாக்காய், மரவள்ளிக்கிழங்கு, வாழைப்பழம் எல்லாம் கைக்கு அடங்குவன. கடலை போன்ற கெட்டியான உருண்டைப் பொருள்கள் வேண்டாம், தொண்டையில் அடைத்துவிடும். கரண்டியே வேண்டுமென்றால் பிடியில் துணி சுற்றித் தடிப்பாக்குங்கள். விளிம்பு உயர்ந்த தட்டாக எடுத்து, அடியில் ஈரத்துணி போட்டால் தட்டு ஓடாது. குவளையில் இரண்டு வாய்த் தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். சாப்பாட்டுக்கு வெளியே, விளையாட்டாக, அரிசியையோ பயற்றையோ ஒரு கிண்ணத்திலிருந்து மறு கிண்ணத்துக்குக் கரண்டியால் மாற்றவிடுவது மொண்டிசோரி வகுப்புகளின் வழக்கம். பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ளுங்கள், பயற்றை வாயில் போட்டுவிடக் கூடாது.

இன்னொன்று மிக முக்கியம். மடியில் சாய்த்துத் தலையைப் பின்னால் வளைத்து ஊட்டும் பழக்கம் ஆபத்தானது. உணவு மூச்சுக்குழாய்க்குள் போய்ச் சளிக்காய்ச்சலை உண்டாக்கும். பிள்ளை நிமிர்ந்து உட்கார வேண்டும். பாதம் எதிலாவது ஊன்றியிருக்க வேண்டும். முகவாய் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும். சாப்பிடும்போது அடிக்கடி புரைக்கேறினாலோ, தண்ணீர் குடித்ததும் இருமினாலோ, மெலிந்துகொண்டே போனாலோ நீங்களாக எதையும் பழக்க வேண்டாம். குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லி முதலில் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். பேச்சுச் சிகிச்சையாளர் என்ற பெயரைக் கேட்டு, பேசாத பிள்ளைக்கு அவர் எதற்கு என்று எண்ணாதீர்கள். விழுங்குவதைப் பார்ப்பதும் அவருடைய வேலையே.

அம்மையாரின் கதைக்குத் திரும்புவோம். இத்தாலியில் முசோலினி ஆட்சி முதலில் அவரைக் கொண்டாடியது; சிறுபிள்ளைகளைப் போர்வீரர்களாக்க அவர் இணங்காததால் 1934இல் அவருடைய பாடசாலைகள் மூடப்பட்டன. ஸ்பெயினில் இருந்தார், 1936இல் உள்நாட்டுப் போர் மூண்டதால் அங்கிருந்தும் தப்பிச்செல்ல நேர்ந்தது. 1939ஆம் ஆண்டின் இறுதியில், தமது 69ஆவது வயதில், மகன் மாரியோவுடன் சென்னை வந்து இறங்கினார். அடையாற்றில் ஓலைக் கொட்டகைகளில் ஏறத்தாழ முந்நூறு ஆசிரியர்கள் கூடியிருக்க வகுப்பு நடத்தினார். அவர் இத்தாலிய மொழியில் பேச, மாரியோ ஆங்கிலத்தில் சொல்லுவார். 1940 யூனில் இத்தாலி போரில் இறங்கியதும் ஆங்கில அரசு மாரியோவைக் காவலில் வைத்தது. தாயாரை அடையாற்றை விட்டு வெளியே போகாதபடி தடுத்தது. ஆகஸ்ட் 31ஆம் திகதி அவருடைய எழுபதாவது பிறந்தநாள். அன்று வைஸ்ராயிடமிருந்து தந்தி வந்தது. பிறந்தநாள் பரிசாக அவருடைய மகனை விடுதலை செய்வதாக அதில் இருந்தது. அதுவரை மாரியோவை மருமகன் முறையான உறவினர் என்றும் வளர்ப்பு மகன் என்றும் ஊருக்குச் சொல்லிவந்தார்கள். மகன் என்ற சொல்லை அரசாங்கமே எழுத்தில் அனுப்பிவைத்தது.

போர்க்காலத்தில் சில வருடங்கள் கொடைக்கானலில் தங்கினார். அங்கே அவரோடு நின்று பிள்ளைகளைப் பார்த்தவர்களில் இலங்கையரான லீனா விக்கிரமரத்னவும் ஒருவர். 1944இல் அம்மையார் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தினார். நமது ஊர்ப் பலகைகளில் அந்தப் பெயர் ஏறியதற்கு அப்படிப் பயின்றவர்களும் அவர்களிடம் பயின்றவர்களும் காரணம். 1946இல் ஐரோப்பா திரும்பி, மீண்டும் இந்தியாவுக்கும் வந்து போனார். சமாதானத்துக்கான நோபல் பரிசுக்கு மூன்று முறை பெயர் முன்மொழியப்பட்டது, கிடைக்கவில்லை.

1952 மே 6ஆம் திகதி ஒல்லாந்து நாட்டில், நோர்த்வைக் என்ற கடலோர ஊரில் இருந்தார். வயது 81. ஆபிரிக்காவின் கானாவுக்குப் போய் ஆசிரியர்களைப் பயிற்றலாமா என்று மாரியோவோடு பேசிக்கொண்டிருந்தார். அங்கே வெயில் அதிகம், வேறொருவர் போகட்டும் என்று மகன் தடுத்தார். தன்னை விட்டுவிட்டுப் போகப் பார்க்கிறாயா என்ற பாவனையில் தாய் கேட்டார். மாரியோ எதையோ எடுக்க அடுத்த அறைக்குப் போய்த் திரும்பியபோது அவருடைய உயிர் பிரிந்திருந்தது. அவ்வூர்க் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். பிற்காலத்தில் அவருடைய முகம் இத்தாலியின் ஆயிரம் லீரா நோட்டில் அச்சாகி, யூரோ வரும்வரை புழங்கியது.

நான் சொன்ன அந்தத் தோட்டத்துத் தாய் இதையெல்லாம் வாசிக்க மாட்டாள். போன முறை போனபோது இந்தக் கதையைச் சுருக்கிச் சொன்னேன். நோட்டில் முகம் அச்சான விடயமோ பிறந்தநாள் தந்தியோ அவள் காதில் ஏறவில்லை. ரொட்டித் துணுக்கைப் பொறுக்கிய பிள்ளைகளைப் பற்றி மட்டும் மறுபடியும் சொல்லச் சொன்னாள். பிறகு உள்ளே போய் ஒரு தட்டில் கொஞ்சம் சோறும் பருப்பும் போட்டுக்கொண்டு வந்து, திண்ணையில் மகனை நிமிர்த்தி உட்காரவைத்து, ஓர் உருண்டையை அவனுடைய கையில் வைத்தாள். அவன் அதைப் பிசைந்து நசுக்கினான். பாதி நிலத்தில் விழுந்தது. நாய் வந்து தின்றது. அவள் இன்னோர் உருண்டை பிடித்தாள்.